பாடம் அனுப்புவோரும் வீட்டில் சொல்லிக்கொடுப்போரும்

தொலைநிலைக் கல்வியில் ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் இருப்பர். இடையிலுள்ள தூரத்தைத் தபாலோ வானொலியோ தொலைக்காட்சியோ இணையமோ கடக்கும். கல்லூரி மாணவருக்கு இந்த ஏற்பாடு போதும். பாடநூலைப் பிரித்துத் தாமே படித்துக்கொள்வார். மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைக்கு அது போதாது. எழுத்தே தெரியாத குழந்தையால் தபாலில் வந்த தாளைப் படிக்க முடியாது. திரையில் ஓடும் பாடத்தையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தனியே பார்த்துக்கொண்டிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டு, தப்பைத் திருத்தி, சலித்துப்போனால் புத்தகத்தை மூடிவைக்கவும் தெரிந்த பெரியவர் ஒருவர் வேண்டும். அவர் தாயாக இருக்கலாம், பாட்டியாகவோ அக்காளாகவோ இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கான தொலைநிலைக் கல்வி நூறாண்டுக்கு மேலாகக் கருவிகளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பெரியவரின் வேலை மட்டும் மாறவில்லை. அவரைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஏற்பாடுகள் நிலைத்தன. அவர் எப்படியும் இருப்பார் என்று எண்ணிக்கொண்டவை தடுமாறின.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் இதைத் தெளிவாகக் காட்டும் ஊர்களில் ஒன்று. 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர், நவம்பர் வரை தொடக்க வகுப்புகளும் அங்கன்வாடிகளும் மூடியிருந்தபோது, தங்கவயல் குடியிருப்புகளுக்கும் பாடம் தொலைவிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. வேலைக்கு நூறு கிலோமீட்டர் போய்வரும் பெற்றோர், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும், பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரே கைபேசி என்று தொலைநிலைக் கல்வியின் எல்லாச் சிக்கல்களும் அங்கே ஒருசேர இருந்தன.

தங்கவயலின் வீடும் பள்ளியும்

தங்கவயலில் நவீன முறைச் சுரங்கத் தொழில் 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் வந்த பிறகு வேரூன்றியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மைசூர் அரசிடம் உரிமம் பெற்றிருந்த மைக்கேல் லாவெல் போதிய முதலில்லாமல் விலகியிருந்தார். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊரிகம், நந்திதுர்க் எனச் சுரங்கங்கள் பெருகின. பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, கிளை ரயில்பாதை வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் தங்கவயலை எட்டியது. பூமிக்கடியில் இறங்க ஆட்கள் வடஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தனர். பெரும்பாலோர் தமிழ் பேசும் ஆதிதிராவிடர்கள். தெலுங்கு பேசுவோரும் கணிசமாக இருந்தனர்.

குடியேற்றம் இரண்டு விதமாக அமைந்தது. அதிகாரிகளுக்கும், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்க வல்லுநர்களுக்கும் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள் கிடைத்தன. தொழிலாளர்களுக்கு வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள். இவற்றை இன்றும் ‘லைன்’ என்றே சொல்கிறார்கள். தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் ஆனவை, பின்னர் செங்கல் சுவர் பெற்றவை. ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமே பல வீடுகளின் மொத்த இடம். தண்ணீர்க் குழாய் தெருவுக்குப் பொது. சுரங்கத்தில் மூன்று ஷிஃப்டு வேலை. இரவு ஷிஃப்டு முடித்துவந்த அப்பா பகலில் தூங்கும் அதே அறையில்தான் பிள்ளை சத்தம்போட்டுப் பாடம் படிக்கவேண்டும்.

லைன் பிள்ளைகளுக்கான பள்ளிகளை கிறிஸ்தவ சபைகளும் அரசும் நடத்தின; சுரங்க நிர்வாகத்தின் ஆதரவிலும் சில நடந்தன. எழுத்துக்கு ஏங்கிய அந்தச் சமூகத்தில் அச்சிட்ட தாளுக்குத் தனி மதிப்பு இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையிலிருந்து தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர்கள் உண்டு. அவருடைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1914இல் மறைந்த பின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். தொலைவிலிருந்து வரும் எழுத்தை நம்பிக் கற்றுக்கொள்வது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அது பெரியவர்களின் கல்வி. படிக்கத் தெரிந்தவர் கையில் போய்ச்சேர்ந்த கல்வி.

தபாலில் வந்த பாடம்

சிறு பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்து பாடம் அனுப்பும் முறை, பள்ளிக்கு எட்டாத தூரத்தில் வாழ்ந்த வசதியான குடும்பங்களிடையே முதலில் உருவானது. இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் 1886இல் வீட்டுக் கல்வியைப் பற்றிய தம் சொற்பொழிவுகளை நூலாக்கினார். அடுத்த ஆண்டு பெற்றோர் கல்விச் சங்கம் ஒன்று அமைந்தது, பின்னாளில் பி.என்.இ.யூ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டது இதுவே. 1891இல் அவர் தபால் வழிப் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு ஆம்பிள்சைடு என்ற ஊரில் வீட்டாசிரியைகளுக்கான பயிற்சி நிலையமும் வந்தது.

அந்தப் பள்ளி நடந்த விதம் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பருவத்துக்கும் கால அட்டவணை, படிக்கவேண்டிய நூல்களின் பட்டியல், பருவ முடிவில் கேள்வித்தாள் ஆகியவை வீட்டுக்கு வந்துவிடும். சிறியவர்களுக்கு ஒரு பாடம் பதினைந்து, இருபது நிமிடம்தான். தாயோ வீட்டாசிரியையோ ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசிப்பார். கேட்ட குழந்தை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும். எழுதத் தெரியாத வயதில் தேர்வும் அப்படியே நடந்தது. ஆறு வயதுக் குழந்தை வாயால் சொல்லும் பதிலைத் தாய் சொல்லுக்குச் சொல் எழுதி, உறையிலிட்டு ஆம்பிள்சைடுக்கு அனுப்புவார். அங்கே அதைப் படித்து மதிப்பிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பாடத்திட்டம் தொலைவில் இருந்தது. கற்பித்தல் வீட்டில் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் தாயின் கையெழுத்து போய்வந்தது. பெற்றோருக்கென்றே 1890 முதல் மாத இதழ் ஒன்றும் வெளிவந்தது. குழந்தைக்குப் பாடம் அனுப்புவதற்கு முன்பே பெற்றோருக்குப் பயிற்சி அனுப்பியது இம்முறையின் சிறப்பு.

கடல் கடந்து வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களிடம் இந்த ஏற்பாடு பரவியது. இந்தியாவில் வேலைபார்த்த ஆங்கிலேயர்கள் பிள்ளைகளை ஏழெட்டு வயதில் மலைவாசப் பள்ளிகளுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்பிவிடுவது வழக்கம். அதுவரையிலான ஆண்டுகளை வீட்டுப் பாடமே நிரப்பியது. ஓய்வுள்ள தாய், சம்பளம் வாங்கும் வீட்டாசிரியை, படிக்கத் தனி அறை ஆகிய மூன்றும் இருந்த வீடுகளுக்கு ஏற்ற முறை இது. தங்கவயலின் லைன் வீடுகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த கால்வர்ட் பள்ளியும் இதே வழியில் வந்தது. அதன் தலைமையாசிரியர் வெர்ஜில் ஹில்லியர், கக்குவான் இருமல் பரவிப் பிள்ளைகள் வீட்டில் தங்க நேர்ந்தபோது பாடங்களை அவர்களுடைய வீடுகளுக்கு அனுப்பிவைத்ததாகப் பள்ளியின் வரலாறு சொல்கிறது. 1906 முதல் அது முறையான வீட்டுக் கல்வித் திட்டமாயிற்று. பாடநூல், தாள், பென்சில் ஆகியவற்றோடு அன்றன்று என்ன செய்யவேண்டும் என்று பெற்றோருக்கு வரிவரியாகச் சொல்லும் கையேடும் பெட்டியில் வரும். ஆசிரியப் பயிற்சி பெறாத தாயும் அதை வைத்துக்கொண்டு பாடம் நடத்தலாம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1914இல் அரசுச் செலவிலேயே தபால் கல்வியைத் தொடங்கியது. காட்டோரத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டாததால் எழுந்த கோரிக்கையே இதன் தொடக்கம். நியூசிலாந்து 1922இல் தன் தபால்வழிப் பள்ளியை நிறுவியது. பணக்காரர் வீட்டு ஏற்பாடாக இருந்த ஒன்று, பண்ணை வேலைக்காரர் பிள்ளைக்கும் உரிமையாக மாறியது இந்தக் கட்டத்தில்தான்.

குரலும் படமும்

வானொலி வந்தபோது, எழுத்து தெரியாத குழந்தையையும் ஆசிரியரின் குரல் நேரே எட்டியது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951இல் ‘வானொலிப் பள்ளி’ தொடங்கியது. அடிலெய்டு மீத்கி என்ற கல்வியாளரின் யோசனை அது. பறக்கும் மருத்துவர் சேவைக்காக ஏற்கெனவே பண்ணை வீடுகளில் இருந்த இருவழி வானொலியையே பாடத்துக்கும் பயன்படுத்தினார்கள். ஆசிரியர் பேசுவதைக் குழந்தை கேட்கும். குழந்தை பேசுவதை ஆசிரியரும் மற்றப் பண்ணைகளின் குழந்தைகளும் கேட்பார்கள். ஆயினும் ஒலிபரப்பு நாளில் சிறு பொழுதே. மீதி நேரம் தபாலில் வந்த தாள்களோடு உட்கார்ந்திருந்தவர் வீட்டுப் பெரியவர்தான். ‘வீட்டு ஆசிரியர்’ என்ற பெயரும் பொறுப்பும் அவருக்குத் தரப்பட்டன. அவர்களோடு பள்ளி தனியே பேசவும் செய்தது.

இந்தியாவில் வானொலி வேறு வழியில் போனது. சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. அந்தக் காலகட்டத்தில் பெரிய நிலையங்களில் தொடங்கிய பள்ளி ஒலிபரப்பு, வகுப்பறையில் ஆசிரியர் முன்னிலையில் கேட்பதற்காக அமைந்தது. குடும்பம் அதில் ஒரு தரப்பாகக் கருதப்படவில்லை. பதில் பேசும் வசதியும் இல்லை.

தொலைக்காட்சியிலும் நிலைமை அதுவே. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த ‘சைட்’ எனும் செயற்கைக்கோள் பரிசோதனை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டுபோனது. ஆறில் ஒன்று கர்நாடகம்; அங்கே பீஜப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டங்களின் ஊர்கள் தேர்வாயின. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊர்மக்களுக்கு என்று இரண்டு வேளை. பொது இடத்திலிருந்த ஒரே பெட்டியின் முன்னால் பிள்ளைகள் காலையிலும் பெற்றோர் மாலையிலும் உட்கார்ந்தார்கள். இருவரும் சேர்ந்து கற்பதற்கென்று ஒரு வேளை அந்தத் திட்டத்தில் இல்லை.

இந்தியாவின் திறந்தநிலைக் கல்வியும் பெரியவர்களை நோக்கியே வளர்ந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. 1979இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகப் பிறந்த திறந்தநிலைப் பள்ளி, 1989இல் தனி நிறுவனமாகி, இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. தொடக்கக் கல்விக்கு அது வைத்திருக்கும் திட்டத்தின் முதல் நிலையே மூன்றாம் வகுப்புக்கு இணையானது. அதற்குக் கீழுள்ள வயதை அங்கன்வாடியும் பக்கத்துப் பள்ளியும் கவனித்துக்கொள்ளும் என்பதே நாட்டின் ஏற்பாடு. 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடிகளை நடந்துபோகும் தூரத்துக்குக் கொண்டுவந்திருந்தது. சிறு பிள்ளைக்குத் தொலைவிலிருந்து கற்பிக்கும் அனுபவம் இதனால் நாட்டில் சேரவே இல்லை.

தமிழில் ஒரு முன்னோடி

இந்த வெற்றிடத்தில் தமிழ் ஒரு விதிவிலக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, உலகெங்கும் பரவியிருக்கும் தமிழர்களுக்காக இணையவழிப் பல்கலைக்கழகம் அமைக்கும் யோசனை உருப்பெற்றது. 2001 பிப்ரவரி 17ஆம் தேதி தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இதை வழிநடத்திய வா.செ. குழந்தைசாமி, அண்ணா பல்கலைக்கழகத்திலும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தவர். தொலைநிலைக் கல்வியின் நுட்பம் அறிந்தவர். இந்நிறுவனமே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்.

பட்டப்படிப்பு வரை பாடங்கள் தந்த அந்நிறுவனம், ‘மழலைக் கல்வி’ என்ற பெயரில் சிறு குழந்தைகளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியது. பாட்டு, கதை, உரையாடல், எண், எழுத்து ஆகியவை ஒலியும் அசையும் படமுமாக இணையத்தில் கிடைத்தன. வெளிநாட்டில் வளரும் குழந்தைக்குப் பள்ளியில் ஆங்கிலமோ பிரெஞ்சோ இருக்கும்; தமிழ் வீட்டில் மட்டும்தான். ஆகவே அந்தப் பாடத்தைக் குழந்தை தாய்தந்தையோடு உட்கார்ந்து பார்த்தால்தான் பயன். பாட்டைச் சேர்ந்து பாடவும், உரையாடலில் மறுபக்கம் பேசவும் ஒருவர் தேவை.

அதே 2001 பிப்ரவரியின் கடைசி நாளில் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1956இல் மைசூர் அரசும் பின்னர் மத்திய அரசும் ஏற்று நடத்திய சுரங்கம், தரைக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போயிருந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்திருந்தது. எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டியபோது கதவு சாத்தப்பட்டது. தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வேலைக்குப் பெங்களூருவை நம்பத் தொடங்கினார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி இரவில் வீடு திரும்புவது ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கைமுறை ஆயிற்று. சிறு பிள்ளைகளின் பகல் பொழுது பள்ளியிடமும் தாத்தா பாட்டியிடமும் போனது. வீட்டுப் பெரியவரை நம்பும் எந்தக் கல்வி முறையும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்கவேண்டும்.

மொழிச் சிக்கலும் இதோடு சேர்ந்தது. தங்கவயல் வீடுகளில் பேச்சு தமிழ். கர்நாடக அரசு 1994இல் பிறப்பித்த ஆணை, தொடக்க வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோ பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் அந்தக் கட்டாயத்தை நீக்கித் தீர்ப்பளித்தது. வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே பெற்றோர் பலர் ஆங்கிலத்தையும் கன்னடத்தையும் நாடிவிட்டதால் தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும். பேரப்பிள்ளையின் புத்தகம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும்.

2020: விலக்கும் அனுமதியும்

2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டதும், தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி. வகுப்புக்கும் திரையில் பாடம் நடத்தத் தொடங்கின. பச்சைப் பிள்ளைகள் மணிக்கணக்கில் திரை முன்னால் உட்காருவது சரியா என்ற கேள்வி கர்நாடகத்தில் உரக்க எழுந்தது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை வல்லுநர்களின் கருத்தையும் கேட்ட மாநில அரசு, ஜூன் மாதம் எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை இணைய வகுப்புக்குத் தடை விதித்தது. பின்னர் அதை ஏழாம் வகுப்பு வரை நீட்டித்தது. வழிகாட்டுதல் வகுக்கப் பேராசிரியர் எம்.கே. ஸ்ரீதர் தலைமையில் குழு ஒன்றும் அமைந்தது. பெற்றோர் சிலர் நீதிமன்றம் சென்றனர். ஜூலை 8ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் தடையாணையை நிறுத்திவைத்தது. கல்வி உரிமையை இப்படி ஓர் ஆணையால் பறிக்க முடியாது என்பது அதன் அடிப்படை.

ஒரு வாரத்தில், ஜூலை 14 அன்று, மத்திய அரசு ‘பிரக்யாதா’ என்ற வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது. ஒவ்வோர் அமர்வும் 30 முதல் 45 நிமிடம். மழலையர் வகுப்புக்கு அரை மணி நேரமே. அதுவும் பெற்றோருடன் பேசி அவர்களுக்கு வழிகாட்டுவதற்கு. மழலையர் வகுப்பின் மாணவர் உண்மையில் பெற்றோர்தான் என்பதை இந்திய அரசு ஆவணம் இவ்வளவு வெளிப்படையாக ஏற்றது கவனிக்கத்தக்கது. சார்லட் மேசன் 130 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இடம் அதுவே.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 ஆகஸ்டில் ‘வித்யாகம’ திட்டம் வந்தது. இணைய வசதியுள்ள கைபேசி இருப்போர், சாதாரணக் கைபேசி இருப்போர், எதுவுமே இல்லாதோர் எனப் பிள்ளைகள் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஆசிரியர்கள் பள்ளிக்கு வெளியே, ஊருக்குள் வந்தனர். கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், மரத்தடி ஆகியவை வகுப்பாயின. பத்து இருபது பிள்ளைகள் இடைவெளி விட்டு உட்கார, ஆசிரியர் பாடத்தைச் சொல்லி, வீட்டில் செய்யவேண்டியதைக் கொடுத்து, முன்னர் கொடுத்ததைத் திருத்தினார். ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொற்று ஏற்பட்ட செய்திகள் வந்ததும் அக்டோபரில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரியில் மேல் வகுப்புகள் திறந்தன. தொடக்க வகுப்புகளோ தொலைவிலேயே இருந்தன.

ஒரு மாலையின் கணக்கு

லைன் வீட்டில் இந்தப் பாடம் எப்படிப் போய்ச்சேரும் என்பதை ஒரே ஒரு நாளின் வேலையைக் கொண்டு பார்க்கலாம். வகுப்பின் வாட்ஸாப் குழுவில் காலை பத்து மணிக்கு ஆசிரியர் ஒரு காணொளியும் ஒரு பயிற்சித்தாளின் படமும் அனுப்புகிறார். கைபேசி அப்பாவின் சட்டைப்பையில் பெங்களூருவில் இருக்கிறது. இரவு எட்டரைக்கு அவர் வீடு திரும்பும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தூக்கம் சொக்குகிறது. அதே கைபேசிக்காக ஏழாம் வகுப்பு அண்ணனும் காத்திருக்கிறான். பயிற்சித்தாளை அச்செடுக்கக் கடைக்குப் போகவேண்டும், அல்லது திரையைப் பார்த்து நோட்டில் வரையவேண்டும். முடித்த பக்கத்தைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினால்தான் ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை படித்தது தெரியும்.

பகல் முழுவதும் வீட்டிலிருப்பவர் பாட்டி. அவரால் செய்ய முடிவதும் முடியாததும் பாடத்தைப் பொறுத்துப் பிரிகின்றன. ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவது, கூட்டுவது, கழிப்பது ஆகியவற்றுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை போதும். பன்னிரண்டை இரண்டு குவியலாகப் பிரித்து, ஒரு குவியலைக் கையால் மூடி, மறைந்தது எத்தனை என்று கேட்டால் கழித்தல் பாடம் முடிந்தது. இதைத் தமிழில் கற்ற பிள்ளை கன்னடத்தில் எண்களின் பெயரை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளும். கணக்கு மொழி மாறினாலும் கூடவே வரும். எழுத்து அப்படி வராது. கன்னட எழுத்தையோ ஆங்கில எழுத்தையோ படிக்காத பாட்டியால் பிள்ளை எழுதியது சரியா என்று பார்க்க முடியாது. கதை சொல்லவும், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லவும் முடியும். மொழிக் கல்வியின் பாதி அதுவே. ஆனால் எந்தப் பாதியை அவரிடம் விடலாம், எதை ஆசிரியரே வைத்துக்கொள்ளவேண்டும் என்று பிரித்துச் சொல்லும் கையேடு அந்த வீட்டுக்கு வரவில்லை. வந்தது பள்ளிப் பாடத்தின் படம்.

கணக்கெடுப்புகள் சொன்னவை

நாட்டளவில் குடும்பங்கள் கைகட்டி நிற்கவில்லை. 2020 செப்டம்பரில் தொலைபேசி வழியே ஊரகக் குடும்பங்களிடம் நடந்த ‘ஏசர்’ ஆய்வின்படி, பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தவை 2018இல் 36.5 விழுக்காடு; 2020இல் 61.8. பிள்ளைகளில் சுமார் நான்கில் மூன்று பங்கினருக்கு வீட்டில் யாரோ ஒருவர் படிப்பில் உதவினர். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படித்த பெற்றோரின் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த உதவி கிடைத்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பெற்றோரின் பிள்ளைகளில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானோருக்கே கிடைத்தது. அந்த வீடுகளில் உதவியவர்களில் அண்ணன், அக்காள்மாரின் பங்கு பெரியது.

உதவி கிடைத்தும் இழப்பு பெரிதாகவே இருந்தது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் இரண்டு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான 16,067 பிள்ளைகளை ஆராய்ந்தது. அவர்களில் 92 விழுக்காட்டினர், முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித்திறன்களில் ஒன்றையேனும் இழந்திருந்தனர். கணிதத்தில் அது 82 விழுக்காடு.

எந்த வகைத் தொலைநிலைப் பாடம் பலித்தது என்பதற்கு ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் நடந்த சோதனை விடை தந்தது. சுமார் 4,500 குடும்பங்களில் ஒரு பிரிவினருக்குக் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் போயின. இன்னொரு பிரிவினரை வாரம் ஒருமுறை பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்து, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. இருபது நிமிடப் பேச்சு சேர்ந்த பிரிவில் கற்றல் உயர்ந்தது. பெற்றோர் தம் பிள்ளையின் நிலையைச் சரியாக மதிப்பிடவும் கற்றுக்கொண்டனர். இதற்கு ஸ்மார்ட்போன் தேவைப்படவில்லை.

தமிழ்நாடு வேறு வழியைத் தேர்ந்தது. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி ஊரடங்குக் காலத்தில் பாடங்களை வீடுகளுக்குக் கொண்டுபோனது. பின்னர் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. வீட்டுப் பெரியவருக்கு நேரமில்லாத இடத்தில் தெருவிலேயே ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகளின் வீட்டாருக்குத் தெரிந்தவர்கள். அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழக ஊரகப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரிடம் நடத்திய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டதாகவும், அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்ததாகவும் கணித்தது. திட்டத்தின் பயன் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது.

திறந்த பிறகு

கர்நாடகத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புகள் 2021 அக்டோபர் 25ஆம் தேதியும், அங்கன்வாடிகளும் மழலையர் வகுப்புகளும் நவம்பர் 8ஆம் தேதியும் திறந்தன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. எல்.கே.ஜி. சேரவேண்டிய பிள்ளை யூ.கே.ஜி. ஆண்டின் பாதியில் வந்தது.

இதற்கிடையில் நாட்டின் கல்விக் கொள்கை இந்த வயதின் பக்கம் திரும்பியிருந்தது. 2020 ஜூலையில் வந்த தேசியக் கல்விக் கொள்கை, மூன்று முதல் எட்டு வயது வரையிலான ஐந்தாண்டுகளை ‘அடித்தள நிலை’ என்று தனியே வகுத்தது. 2021 ஜூலையில் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கம், மூன்றாம் வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் பொருளறிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்ற இலக்கை வைத்தது. பெற்றோரின் பங்கு இவ்விரண்டிலும் பேசப்படுகிறது. பள்ளிகள் திறந்த பின்னும் வகுப்பு வாட்ஸாப் குழுக்கள் பல இடங்களில் தொடர்கின்றன. வீட்டுப்பாடமும் அறிவிப்பும் அதன்வழியே வருகின்றன.

நூற்றுமுப்பது ஆண்டு அனுபவத்திலிருந்து சில நிபந்தனைகளைத் தொகுக்கலாம். சிறு பிள்ளைக்கான தொலைநிலைப் பாடம் கால் மணி முதல் அரை மணிக்குள் முடியவேண்டும். அதை நடத்தப்போகிற பெரியவரிடம் முதலில் பேசவேண்டும். அவருக்குத் தெரிந்த மொழியில் பேசவேண்டும். அவரால் முடிந்த பகுதியும் ஆசிரியர் செய்யவேண்டிய பகுதியும் தனித்தனியாகப் பிரிந்திருக்கவேண்டும். பிள்ளையின் பதில் திரும்பிப்போக ஒரு வழி வேண்டும். அது கடிதமாகவோ தொலைபேசி அழைப்பாகவோ இருக்கலாம். அந்தப் பெரியவருக்கு வீட்டில் நேரமே இல்லையென்றால், தெருவில் வேறொருவரை அந்த இடத்தில் அமர்த்தும் செலவை அரசு ஏற்கவேண்டும். ஆம்பிள்சைடின் தபால் பள்ளி வசதியான வீடுகளை நம்பி இவற்றுள் பெரும்பாலானவற்றை நிறைவேற்றியது. தங்கவயல் போன்ற ஊர்களில், விடியலில் பெற்றோரை ரயிலேற்றி அனுப்பும் குடியிருப்புகளில், முதலில் தேவைப்படுவது பட்டியலின் கடைசி நிபந்தனையே.